‘ஐயா நீர்’, ‘நீ அங்கே’: கிறிஸ்தவ ஆண்கள் கண்ணியம் பழக ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஜிப் வைத்த உறைக்குள் வேதாகமம், ஐயருக்கு (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) ஒரு ஸ்தோத்திரம், வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஒரு கைகுலுக்கல், பாட்டிமாரிடம் முழங்கால்வலி விசாரிப்பு. “தங்கமான மனுஷன்” என்று ஊரே சொல்லும். ஐந்து நிமிடம் கழித்து, வண்டியை மறித்து நிறுத்திவிட்ட ஆட்டோக்காரரிடம் அதே மனுஷன் பேசுவதையும் கேட்டிருப்பீர்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசியவன் நான்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் அன்று வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன் நான். வாலிபர் கூட்டங்களில் ‘நல்ல கணவனாவது எப்படி’, ‘நல்ல தலைவனாவது எப்படி’ என்றெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஆட்டோக்காரருக்குப் பிறகு என் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். கீழே இருப்பது அதுதான். வரிசையாகப் படியுங்கள், செய்யும்போது எந்தப் படியிலிருந்தும் தொடங்கலாம்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

‘ஜென்டில்மேன்’ என்ற சொல் நமக்குத் துரைமார் வழியாக வந்தது. தொப்பி, பூட்ஸ், முள்கரண்டி, சத்தமில்லாமல் சூப் குடிப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. தமிழில் ‘கனவான்’ என்றார்கள், ‘பெரிய மனுஷன்’ என்றார்கள். இரண்டிலும் அந்தஸ்தின் வாடை உண்டு. பத்து ஏக்கர் இல்லாதவனை யாரும் கனவான் என்று அழைத்து நான் கேட்டதில்லை.

பின்னாளில் கர்தினாலான ஜான் ஹென்றி நியூமன், அயர்லாந்தில் அமையவிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்காக 1852-ல் எழுதிய உரைகளில், பிறரை நோகடிக்காதவனே ஜென்டில்மேன் என்று கிட்டத்தட்ட இலக்கணமே சொல்லிவிடலாம் என்றார். அந்த வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. இந்த நயநாகரிகம் நல்ல கல்வியால் வருவது, விசுவாசம் இல்லாமலும் வரும் என்றார். பிற்பாடு திருச்சபையின் பேராயரான பரிசுத்த பசிலியுவும், பிற்பாடு ரோமப் பேரரசனாகிக் கிறிஸ்தவத்தை எதிர்த்த ஜூலியனும் ஏதென்ஸில் ஒரே காலத்து மாணவர்கள் என்பதையும் நினைவூட்டினார். படித்த இடம் ஒன்று, பழகிய நாகரிகம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு.

வேதாகமத்தில் எனக்குப் பிடிபட்ட சொல் பிலிப்பியர் 4:5-ல் இருக்கிறது: “உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக.” சாந்தகுணம் என்றதும் நமக்குத் தலையைக் குனிந்து நிற்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் ‘எப்பியெய்கெஸ்’. பவுலுக்குச் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அந்தக் குணமுள்ளவனை இப்படி விளக்கியிருந்தார்: சட்டம் தன் பக்கம் இருந்தும், தன் பங்கைவிடக் குறைவாக எடுத்துக்கொள்கிறவன்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்விதான். பலம் உங்கள் கையில், உரிமை உங்கள் பக்கம், எதிரே நிற்பவரால் உங்களுக்குத் திருப்பிச் செய்யவோ திருப்பிப் பேசவோ முடியாது. அந்த இடத்தில் நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள்?

படி 1: ரூத்தின் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள்

நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. வழக்கமாக இதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒதுக்கிவிடுவோம். இந்தத் தடவை அதில் வரும் நிலக்காரன் போவாஸை மட்டும் பின்தொடர்ந்து போங்கள், கையில் பென்சிலோடு.

அவன் வயலுக்கு வருகிறான். முதல் வேலையாகக் கூலிக்கு அறுப்பவர்களைப் பார்த்து, “கர்த்தர் உங்களோடே இருப்பாராக” என்கிறான். முதலாளி முந்திக்கொண்டு வாழ்த்துகிறான். பிறகுதான் வேலைக்காரர் பதில் வாழ்த்துச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கம்பெனிகளில் யார் முதலில் ‘குட் மார்னிங்’ சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே அடுத்த வசனத்துக்குப் போங்கள்.

வயலில் ஒரு புதுப் பெண், ரூத். வேற்றுநாட்டு மோவாபியப் பெண், கைம்பெண், பிழைக்க வந்தவள். அவளுக்குப் பேசிக் கேட்க ஆளில்லை. அறுப்புக் காலத்தில் இப்படிப்பட்டவளுக்கு என்ன நேரும் என்று போவாஸுக்குத் தெரியும். அதனால் அவளிடம் நல்ல வார்த்தை பேசுவதற்கு முன்பே ஆண்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், ஒருவரும் அவளைத் தொடக்கூடாது என்று. ‘பத்திரமாக நடந்துகொள்’ என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகும் ஆண்கள் நம்மில் ஏராளம். போவாஸ் தன் கைக்குக் கீழ் இருந்த ஆண்களைக் கட்டுப்படுத்தினான். தாகமெடுத்தால் வேலைக்காரர் மொண்டுவைத்த தண்ணீரையே குடி என்றான். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுத் தன் ஆட்களோடு உட்காரவைத்து, வறுத்த தானியத்தைக் கொடுத்தான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள் என்று எழுதியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. அவள் எழுந்து போன பிறகு வேலைக்காரரிடம், அவளுக்காக அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடச் சொல்கிறான். அவளை ஈனப்படுத்தவும் அதட்டவும் கூடாது என்கிறான். நியாயப்பிரமாணப்படி ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்க வேண்டியது வயலின் ஓரமும் சிந்திய கதிரும்தான். அவன் அதற்கு மேலே கொடுத்தான். தான் பெற்றது தர்மம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாத விதத்தில் கொடுத்தான். படம் எடுத்துப் போடுவதற்காக அரிசி மூட்டையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பிடித்து நிற்கவில்லை.

மூன்றாம் அதிகாரம் நடுராத்திரி, களம், தனிமை. கேட்க ஆளில்லாத ஒரு பெண் அவன் காலடியில் வந்து படுத்திருக்கிறாள். அவன் அவளை ‘மகளே’ என்கிறான். “நீ குணசாலி” என்கிறான். விடியுமுன், அவள் அங்கே வந்தது யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் பெயரைக் காக்கிறான். வெறுங்கையாய் மாமியாரிடம் போகக்கூடாது என்று ஆறுபடி வாற்கோதுமையை அளந்து கட்டிக்கொடுக்கிறான். காலையில் ஊர் வாசலுக்குப் போய், மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்து, தன்னைவிட நெருங்கிய உறவினனுக்கு முதல் உரிமை இருப்பதையும் மறைக்காமல் சொல்லிக் காரியத்தை முடிக்கிறான். இந்த மனுஷன் இன்றைக்கே முடிக்காமல் ஓயமாட்டான் என்று ரூத்தின் மாமியார் நகோமி சொல்லியிருந்தாள். இரவில் மறைவாய் நடந்த பேச்சைப் பகலில் நாலு பேர் முன்னால் கொண்டுவந்து பொறுப்பேற்றான்.

ஒரு சின்னத் தகவல். ரூத்தைப் போவாஸ் ‘குணசாலி’ என்று சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் ‘ஹயில்’ என்ற சொல்தான், இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் அவனை அறிமுகப்படுத்தும்போதும் வருகிறது. தமிழில் ஒருவர் ஆஸ்திக்காரர், இன்னொருவர் குணசாலி. மூலத்தில் இருவருக்கும் ஒரே சொல்.

வாசித்து முடித்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: என் வயல் எது? என் பேச்சுக்குக் கட்டுப்பட்ட ஆண்கள் யார்? அங்கே ரூத் யார்? டீம் லீடராக இருக்கலாம், பேருந்து நடத்துநராக இருக்கலாம், கல்லூரியில் மூத்த மாணவனாக இருக்கலாம். யாருக்கும் ஒரு வயல் உண்டு.

படி 2: கண்ணோடு ஓர் ஒப்பந்தம்

“என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின” என்று யோபு 31-ம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். உடன்படிக்கை என்றால் முன்கூட்டியே செய்வது. சோதனை வந்தபின் உட்கார்ந்து ஷரத்து எழுத முடியாது. பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன அளவுகோல் இன்னும் எளிது: வயதான பெண்களைத் தாயைப்போல, இளம்பெண்களை எல்லாக் கற்புடனும் சகோதரியைப்போல.

இன்றைக்கு இதன் களம் செல்போன். மூன்று ஷரத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். மனைவியோ அம்மாவோ போனைக் கேட்டால் முகம் மாறாமல் கொடுக்க முடிகிற அளவுக்கு அதை வைத்திருங்கள். வேலை விஷயம் தவிர வேறு காரணமில்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண்ணுக்கு ‘தூங்கலையா’ என்று அனுப்பாதீர்கள். அதற்கு ஜெபக் குறிப்பு கேட்பது போல முகமூடி போடாதீர்கள், அதுவும் நடக்கிறது.

மூன்றாவதுதான் கடினம். ஆண்கள் மட்டும் இருக்கும் வாட்ஸப் குழுவில் பெண்களைப் பற்றிய அசிங்கமான நகைச்சுவை வரும். அனுப்புகிறவர் பெரும்பாலும் உங்களைவிட மூத்தவராக இருப்பார், கல்யாணத்துக்கு மோதிரம் போட்டவராகக்கூட இருப்பார். குழுவில் வைத்துப் பிரசங்கம் பண்ண வேண்டாம். தனியாக அழைத்து, “அண்ணாச்சி, இந்த மாதிரி வேண்டாமே, எனக்குச் சங்கடமா இருக்கு” என்று ஒரு வரி சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். சிலர் உங்களைப் ‘பாஸ்டர்’ என்று கேலி செய்வார்கள். அதைச் சுமந்துகொள்ளலாம்.

படி 3: வாய்

நீங்கள் ‘வரேன்’ என்று சொன்னால் வாருங்கள். மத்தேயு 5:37, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்கிறது. நம் ஊரில் ‘பாக்கலாம்’ என்பதற்கு ‘முடியாது’ என்று பொருள், கேட்டவர் மட்டும் அதை ‘ஆகலாம்’ என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார். முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்வது அவருடைய நாளை மதிப்பது.

மன்னிப்புக் கேட்பதையும் பழக வேண்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. ஆராதனை நடுவே எழுந்து போகச் சொல்லும் அளவுக்கு அவசரம் அதில் இருக்கிறது. செய்முறை: செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், “தப்பு என்னுடையது” என்று சொல்லுங்கள், நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்’ என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை, புது வழக்கு. ‘மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிரு’ என்பதும் வேண்டாம், கஷ்டப்பட்டதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

படி 4: ‘நீ’யா, ‘நீங்க’ளா?

யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசிக்கும்போது கிடைக்கும் ஒன்று மூலத்தில்கூட இல்லை. சபைக்குள் இரண்டு பேர் வருகிறார்கள். பொன்மோதிரமும் மினுக்கான உடையும் போட்டவனிடம், “ஐயா நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” கந்தை கட்டிய ஏழையிடம், “நீ அங்கே நில்லு.” கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே ‘சூ’தான். தமிழாக்கியவர் நம் தெருவைக் கேட்டுப் பழகிய காதோடு ஒருவருக்கு ‘ஐயா நீர்’ போட்டார், இன்னொருவருக்கு ‘நீ’ போட்டார். யாக்கோபு சாட்டிய குற்றம் இருக்கையைப் பற்றியது. தமிழில் அது பிரதிபெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எழுபது வயது உழைப்பாளியைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் பரிசு வாங்கியவன். யாரிடமிருந்து கற்றான் என்று தேடிப்போக வேண்டியதில்லை.

பயிற்சி இது. ஒரு வாரம், உங்களைவிட மூத்தவர் எவராக இருந்தாலும் ‘நீங்க’ மட்டும்: குப்பை அள்ளுகிறவர், செருப்புத் தைக்கிறவர், லிஃப்ட் இயக்குகிறவர், கல்லறை வெட்டுகிறவர். இளையவர்களிலும் அறிமுகமில்லாத எல்லாருக்கும். முதல் இரண்டு நாள் நாக்கு இடறும். எந்த ஆளிடம் இடறுகிறது என்று குறித்துவையுங்கள். எனக்கு இடறிய இடங்களைப் பார்த்தபோது அவை வயதையோ பழக்கத்தையோ ஒட்டி வரவில்லை, சாதியை ஒட்டி வந்தன. என் தாத்தா காலத்திலேயே அதை விட்டுவிட்டோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படி 5: சபையும் பந்தியும்

இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியாவில் இருந்த சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றிலும் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் பலர் தங்கள் ஊரில் மரியாதைக்குரிய கனவான்கள், நல்ல தமிழ்ப் புலமை உள்ளவர்கள், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரே இடத்தில் உட்காரவும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கவும் வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது.

வெள்ளைக்காரருக்கும் இதே நோய் வேறு உருவத்தில் இருந்தது. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி. எஸ். அசரியா அங்கே பேசினார். மிஷனரிகள் தங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள், தங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தார்கள் என்று நன்றியோடு ஒப்புக்கொண்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 அவர் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு, அபிஷேகம் பெற்றார்.

அந்த மிஷனரிகளில் பலர் எந்த அளவுகோலிலும் ஜென்டில்மேன்கள். கதவைத் திறந்துவிடுவார்கள், குரலை உயர்த்த மாட்டார்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது நட்புதான். ஒருவருக்கு நல்லது செய்துகொண்டே அவரைச் சமமாக ஏற்காமல் இருக்க முடியும், அதுவும் மிகுந்த மரியாதையோடு.

எங்கள் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. சபையார் எல்லாரும் பங்கு போட்டு, ஆலய வளாகத்திலேயே பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் பொங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. யாரும் யாருக்கும் அருகில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பதுதான் அதன் பொருள். நான் கவனித்தவரை, முதல் பந்தியில் இலைக்கு அடித்துக்கொள்கிறவர்களும் அதே கமிட்டி உறுப்பினர்கள்தான், கடைசிப் பந்திக்குக் கறி தீர்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களும் அவர்கள்தான். லூக்கா 14-ல் முதன்மையான இடத்தைத் தேடாதே என்று இயேசு சொன்னதும் ஒரு விருந்தில், அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்துத்தான்.

அடுத்த அசனத்தில் செய்ய வேண்டியவை: வாளியைத் தூக்குங்கள். கடைசிப் பந்தி வரை பரிமாறுங்கள். சாப்பிட உட்காரும்போது உங்கள் தெருக்காரர் அல்லாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். இலை எடுக்கிறவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள், அவர் வீட்டுக்கும் போய்ச் சாப்பிடுங்கள். இரண்டாவது பாதி முக்கியம். விருந்து வைப்பது எளிது, ஒருவர் வீட்டில் அவர் கையால் சாப்பிடுவதில்தான் நாம் நழுவுவோம். உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாக இரண்டாகப் பிரிந்திருந்தால், சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் அதைப் பற்றி முதலில் வாய்திறக்கும் ஆள் நீங்களாக இருங்கள். சபைத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டுக் குறையும்.

படி 6: கல்யாணம் பேசும்போது

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. இதெல்லாம் தெரிந்தும் நம் வீடுகளில் பேச்சு நாகரிகமாகத்தான் நடக்கிறது: “நாங்க எதுவும் கேக்க மாட்டோம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க.” அந்த வாக்கியத்தில் அதட்டல் இல்லை, அசிங்கம் இல்லை, எண்ணிக்கைகூட இல்லை. பெண்ணின் அப்பா மட்டும் அன்று இரவு தூங்க மாட்டார்.

மாப்பிள்ளையாகப் போகிற தம்பிக்கு: அம்மா அப்பா பேசட்டும் என்று மாடிக்குப் போய்விடாதே. கூடத்தில் உட்கார். “நகை, பணம், வண்டி எதுவும் வேண்டாம், கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது” என்று உன் வாயால், பெண்வீட்டார் காதுகேட்கச் சொல். ரகசியமாக மனதுக்குள் வேண்டாம் என்று நினைப்பதால் யாருக்கும் பயனில்லை.

பெண் பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளுக்குள் பதில் சொல்லிவிடு. காரணத்தில் அவளுடைய நிறமும் எடையும் வரக்கூடாது. யோசேப்பை நினைத்துக்கொள். தனக்குத் துரோகம் நடந்ததாக அவர் நினைத்த நேரம் அது, நியாயம் தன் பக்கம் என்று நம்பிய நேரம். அப்போதும் மரியாளை “அவமானப்படுத்த மனதில்லாமல்” இருந்தார் என்கிறது மத்தேயு 1:19. அதற்கு முன்னால் அவரை அந்த வசனம் அழைப்பது ‘நீதிமான்’ என்று.

படி 7: வீட்டுக்குள்

மனைவிகளைக் கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22 பல ஆண்களுக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனம், “ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்”, தெரிந்தவர்கள் குறைவு. இருபத்தைந்தாம் வசனம் இன்னும் சங்கடம், சபைக்காகக் கிறிஸ்து தம்மை ஒப்புக்கொடுத்தபடி அன்புகூரச் சொல்கிறது.

பேதுரு மனைவிக்குச் செலுத்தச் சொல்வது ‘கனம்’ (1 பேதுரு 3:7). ஒரு அதிகாரம் முன்னால், “ராஜாவைக் கனம்பண்ணுங்கள்” என்கிறாரே, அதே சொல். குடும்பத்தலைவனின் கையில் பிள்ளைகளும் அடிமைகளும் அடங்கிக் கிடந்த ரோம உலகத்தில் இப்படி எழுதியிருக்கிறார். செய்யாவிட்டால் உங்கள் ஜெபத்துக்குத் தடை வரும் என்றும் சேர்த்திருக்கிறார். ஜெபம் கேட்கப்படவில்லையே என்று உபவாசம் இருக்கும் அண்ணன்மார் இந்த வசனத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஞாயிறு மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே ஆராதனைக்குப் போனீர்கள், ஒரே வெயிலில் திரும்பி வந்தீர்கள். நீங்கள் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள், அவர் புடவையைக்கூட மாற்றாமல் குக்கருக்கு முன்னால். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களை “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்று கூப்பிட்டார். உங்களுக்கு மீன் சுடத் தெரியாவிட்டால் வெங்காயம் உரிக்கலாம். இதை ‘ஹெல்ப்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சாப்பிடப் போவது நீங்களும்தான்.

அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. கை ஓங்குகிறவன் இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளைப் படித்துப் பயனில்லை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை, வசவையும் பணத்தை முடக்குவதையும் சேர்த்துத்தான் வன்முறை என்கிறது. நீங்கள் அடிக்கிறவர் என்றால், இன்றே இன்னொருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள், தேவைப்பட்டால் வீட்டைவிட்டு நீங்கள் வெளியே தங்குங்கள். அடிபடுகிற பெண் உங்களிடம் வந்து சொன்னால், ‘ஜெபம் பண்ணும்மா, அவர் மாறிருவார்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுங்கள், தங்க இடம் பாருங்கள். போவாஸ் ரூத்துக்குப் பொறுமையைப் பிரசங்கிக்கவில்லை.

படி 8: கூலி

இது சிறிய படி, இன்றே முடித்துவிடலாம். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. வீட்டுவேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளத் தேதி ஒன்று என்றால் ஒன்றாம் தேதி. ‘சில்லறை இல்லை, நாளைக்கு வா’ என்பது ஜிபே காலத்தில் செல்லாது. நகைக்கடையில் வாய்திறக்காமல் செய்கூலி கொடுத்துவிட்டு, கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதையும் நிறுத்தலாம்.

படி 9: எதிர்த்து நிற்கும்போது

இவ்வளவும் படித்துவிட்டு, கண்ணியம் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று யாராவது நினைத்தால் யோவான் 18-க்குப் போகட்டும். பிரதான ஆசாரியனுக்கு முன்னால், சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, சரியாய்ப் பேசியிருந்தால் “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார். கட்டப்பட்ட கைகளோடு, ஒரு சேவகனிடம், காரணம் கேட்கிறார். அவனைப் பேசத் தகுந்த மனுஷனாக நடத்துகிறார்.

சபைத் தேர்தல் காலத்தில் இதை வைத்துப் பார்ப்பேன். எதிரணிக்காரரின் கணக்கில் தவறு இருந்தால் எழுந்து கேட்க வேண்டும், ரசீதோடு கேட்க வேண்டும். அவருடைய மகள் யாரோடு போனாள் என்பதைக் கேட்கக்கூடாது. தனியாக முதலில், பிறகு இரண்டொரு சாட்சிகளோடு, கடைசியாகத்தான் சபையில் என்ற மத்தேயு 18-ன் வரிசையை, மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

படி 10: கேட்டுப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேரிடம் போங்கள்: வீட்டில் ஒரு பெண், உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவர், உங்களோடு கருத்து மாறுபட்ட ஒருவர். “என்னிடம் மரியாதைக்குறைவாக எதைப் பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். முதல் தடவை ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொல்வார்கள். பயம் போக நாளாகும். சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்று விளக்கம் கொடுக்காதீர்கள்.

நான் முதலில் என் மனைவியிடம் கேட்டேன். பதில் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்தது என் கோபத்தை, இல்லாவிட்டால் அவளுடைய அண்ணனோடு நடந்த பழைய சண்டையை. அவள் சொன்னது வேறு: “வெளிய யார்கிட்டயாவது கேக்கும்போது ‘கொஞ்சம் தண்ணி கிடைக்குமா’ன்னு கேக்கீங்க. வீட்ல ‘தண்ணி’ன்னு மட்டும் சொல்றீங்க.”

இப்போது நானே எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறேன். பதினோரு மாதமாகிறது. இரண்டு தடவைதான் மறந்தேன் என்பது என் கணக்கு, அவள் கணக்கில் ஏழு.